மழுங்கியது பிளேடுதானா?

தையல் மேசை: வாசகர் கேள்வி – பதில்

குவில்ட்டுக்கு, அதாவது துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு, நீளத் துண்டுகள் வெட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருண்டு துணியை வெட்டும் கைக்கருவி) சரியாக வெட்டவில்லை, பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தச் சின்ன வட்டத் தகட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். 22 வருடமாகத் துண்டுத்துணி சேர்த்துத் தைக்கிறேன். பிளேடு விஷயத்தில் நான் செய்யாத தவறு அநேகமாக எதுவும் இல்லை. அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புது பிளேடு மாட்டி மூன்று வாரம்தான் ஆகிறது அக்கா. அதற்குள் ஒவ்வொரு வெட்டிலும் அங்கங்கே இரண்டு மூன்று இழை அறுபடாமல் நின்றுவிடுகிறது. கத்தரிக்கோலால் அவற்றை நறுக்கிவிட்டுத்தான் துண்டைப் பிரிக்கிறேன். ஒரு பிளேடு இவ்வளவு சீக்கிரமா மழுங்கும்?

பதில்: நீங்கள் எழுதியதில் "அங்கங்கே" என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எங்கெங்கே என்று அளந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. இழை விட்டுப்போனால் பிளேடு போய்விட்டது என்று முடிவுகட்டி, இன்னும் அழுத்தி வெட்ட ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் எந்த இடத்தில் இழை நிற்கிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

அரை மீட்டருக்குக் குறையாத பழைய பருத்தித் துணி ஒன்றை மேட்டின்மேல் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் பாய்போன்ற "மேட்") ஒற்றை அடுக்காக விரியுங்கள். வழக்கமாக எவ்வளவு அழுத்துவீர்களோ அதே அழுத்தத்தில், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். பிரிக்காமல் அப்படியே தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அறுபடாத இழைகள் சின்னச் சின்னப் பாலங்களாகத் தெரியும். ஒரு பாலத்திலிருந்து அடுத்தது வரை அளவுநாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

நம்மில் பலர் வைத்திருப்பது 45 மி.மீ. பிளேடு. அது ஒரு முழுச் சுற்று உருண்டால் துணியில் ஏறத்தாழ 14 செ.மீ. நகரும். பாலங்கள் 14 செ.மீ. இடைவெளியில் தவறாமல் வந்தால், பிளேடின் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் பல் விழுந்திருக்கிறது, அதாவது சின்னக் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது இழையைத் தொடாமல் தாண்டிப் போகிறது. மற்ற இடமெல்லாம் இன்னும் கூராகத்தான் இருக்கும். 60 மி.மீ. பிளேடு என்றால் இந்த இடைவெளி 19 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும், 28 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 9 செ.மீ. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் போதும்.

மாறாக, துணியை எப்படி நகர்த்தி வைத்தாலும் மேட்டின் அதே இடத்தில்தான் இழை நிற்கிறதா? அப்படியானால் பிளேடு நல்லது. மேட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் துணி இறங்கிவிடுவதால் பிளேடுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகிறது. மேட்டை அரைச் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள், உறுதியாகிவிடும். மேட்டுக்கு அடியில் மேசையின் இரண்டு பலகைகள் சேரும் இடம் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். வெட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் இழை நின்றால் அது கைப்பழக்கம். துணி விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்பே மேட்டின்மேல் பிளேடை இறக்கி, விளிம்பு தாண்டிய பிறகு தூக்குங்கள்.

வெட்டு முழுவதும், எந்தக் கணக்கும் இல்லாமல் பிசிறடிக்கிறது என்றால்தான் பிளேடு உண்மையில் மழுங்கியிருக்க வாய்ப்பு. அப்போதும் உடனே தூக்கிப் போடாதீர்கள். பிளேடுக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் நடுவே பஞ்சு அடைத்திருக்கலாம். அதை இன்னொரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த அளவு பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது ஒரு குண்டூசியால். தங்கையின் முதல் குழந்தைக்கு மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குவில்ட் எடுத்திருந்தேன், மொத்தம் 64 துண்டுகள். பத்தாவது துண்டோ என்னவோ வெட்டும்போது "டக்" என்று ஒரு மெல்லிய சத்தம். மடிப்புக்குள் விட்டுப்போன ஊசிமேல் பிளேடு ஏறிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வெட்டிலும் இழை நின்றது. எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன், ஒரே கோட்டில் இரண்டு தரம் மூன்று தரம் ஓட்டினேன். மீதி 54 துண்டுகளையும் அப்படியே வெட்டி முடித்தேன். பிறகு புது பிளேடு மாட்டியும் இழை நிற்பது நிற்கவில்லை. ஏனென்றால் அத்தனை நாள் அழுத்தி அழுத்தி மேட்டிலும் பள்ளம் போட்டிருந்தேன். ஒரு ஊசியால் ஒரு பிளேடு போயிருக்க வேண்டியது, கூடவே ஒரு மேட்டும் போனது. அன்றைக்கே அளந்து பார்த்திருந்தால் மேட்டையாவது காப்பாற்றியிருப்பேன்.

கேள்வி: அலுமினியத் தாளைப் பல மடிப்பாக மடித்து வெட்டினால் பிளேடுக்குக் கூர் திரும்பும் என்கிறார்கள். உப்புத்தாளை வெட்டினால் இன்னும் நல்லது என்று இன்னொருவர் சொல்கிறார். பிளேடைச் சாணை பிடிக்க வழி உண்டா, அம்மா? ஒவ்வொரு தடவையும் புதிது வாங்க மனம் வரவில்லை.

பதில்: மனம் வராதது எனக்கு நன்றாகவே புரிகிறது. நல்ல எஃகை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர்கள்தான் துண்டுத்துணி சேர்த்துத் தைக்க வருகிறோம். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அலுமினியம் எஃகைவிட எவ்வளவோ மென்மையான உலோகம். அதனால் எஃகைத் தேய்த்துக் கூராக்க முடியாது. தாளை வெட்டும்போது நடப்பது வேறு. விளிம்பில் ஒட்டியிருந்த பஞ்சும் பசையும் கொஞ்சம் உரிந்து போகலாம், இம்மியளவு மடங்கியிருந்த நுனி கொஞ்சம் நிமிரலாம். அதனால் முதல் சில வெட்டுகள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். நானும் செய்து பார்த்தேன். ஒரு பழைய பிளேடில் முதலில் சோதனை வெட்டு ஒன்று போட்டு, எட்டு மடிப்புத் தாளில் இருபது தரம் ஓட்டி, அதே துணியில் மறுபடி வெட்டினேன். முதல் இரண்டு மூன்று வெட்டில் இழைப் பாலங்கள் குறைந்தன. அரை மணி நேர வேலைக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. பல் விழுந்திருந்த இடம் இம்மியும் மாறவில்லை.

உப்புத்தாள் கதை வேறு. அது எஃகை உண்மையாகவே தேய்க்கும். ஆனால் எந்தக் கோணத்தில் தேய்க்கிறது என்பது நம் கையில் இல்லை. கத்திக்குச் சாணை பிடிப்பவர் அதைக் கல்லில் ஒரே சாய்வில் வைத்து இழுப்பார், இரண்டு பக்கமும் அதே சாய்வு வருமாறு பார்த்துக்கொள்வார். நம் பிளேடோ ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமனே உள்ள தகடு. அதன் வட்டம் முழுக்க, இரண்டு பக்கமும், ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் தேய்க்க வேண்டும். உப்புத்தாளை நேராக வெட்டும்போது நுனிதான் முதலில் உராய்கிறது. கூர் ஏறும் என்று நினைத்து இருந்த கூரையும் இழப்பீர்கள்.

பிளேடை உள்ளே வைத்துச் சுற்றினால் தேய்த்துத் தரும் சின்னக் கருவிகள் உண்டு. அவை இந்த இரண்டையும்விட மேல். லேசாக மழுங்கிய பிளேடு அதில் ஓரளவு தேறிவிடுகிறது. பல் விழுந்த பிளேடு தேறாது. ஏனென்றால் அந்தப் பல்லின் அடிமட்டம் வரை முழு வட்டத்தையும் தேய்த்தெடுத்தால்தான் அது மறையும். அப்படித் தேறிய பிளேடில் பேட்டிங் (குவில்ட்டின் நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கு) வெட்டுவேன், ஓரம் கழிப்பேன். நான்கு அடுக்கு துணியை வைத்துத் துல்லியமாக வெட்டும் வேலைக்கு அதை நம்ப மாட்டேன். குவில்ட்டில் கால் அங்குலத் தையல் விளிம்புக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு துண்டில் நூலிழை அளவு கோணினால் எட்டாவது துண்டில் மூலைகள் சேராது.

இதில் எனக்கு மனம் சமாதானமானது இந்தக் கருவியின் வரலாற்றைப் படித்த பிறகுதான். இன்று நாம் பயன்படுத்தும் ரோட்டரி கட்டரை 1979-இல் கொண்டுவந்தது ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஓல்ஃபா நிறுவனம். துணி தைப்பவர்களுக்காகச் செய்தார்கள், குவில்ட் தைப்பவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதே நிறுவனத்தை ஆரம்பித்த யோஷியோ ஒகாடாதான் 1956-இல் முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கத்தியைக் கண்டுபிடித்தவர். சாக்லேட் கட்டியைக் கோடு வழியே ஒடிப்பதும், செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டின் கூர் போனால் மறுபடி உடைத்துக்கொள்வதும்தான் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தனவாம். ஓல்ஃபா என்ற பெயரே "ஒடிக்கும் அலகு" என்ற பொருளுள்ள ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது. கூர் போனால் தீட்டாதே, அடுத்த கூருக்குப் போ என்பதுதான் இந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். ஆகவே சிக்கனத்தைத் தீட்டுவதில் காட்டாமல், பிளேடு மழுங்காமல் பார்த்துக்கொள்வதில் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு பிளேடு எத்தனை நாள் வரும்?

பதில்: நாள் கணக்கு சொல்ல முடியாது. வாரம் ஒரு மணி நேரம் மெல்லிய பருத்தியை வெட்டுபவருக்கும், தினமும் ஜீன்ஸ் துணி வெட்டுபவருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? நான் பிளேடு மாற்றும் நாளை ஒரு சின்ன ஒட்டுநாடாவில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிவிடுவேன். சில மாதங்களில் உங்கள் வேலைக்கு எவ்வளவு தாங்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மழுங்கலைக் காட்டிக்கொடுப்பது முதலில் தோள்தான், கண் அல்ல. வேலை முடித்த பிறகு தோள்பட்டையும் மணிக்கட்டும் வழக்கத்தைவிட வலித்தால், தெரியாமலே அழுத்தம் கூடியிருக்கிறது. அடுத்தது காது. நல்ல பிளேடு பருத்தியில் போகும்போது சீரான ஒரே சரசரப்பு கேட்கும். மழுங்கியது நெரிப்பதுபோல் மொறுமொறுக்கும். ஒரே கோட்டில் இரண்டாம் தரம் ஓட்ட வேண்டிய நிலை வந்தால் சந்தேகமே வேண்டாம். விரலால் தொட்டுக் கூர் பார்க்கவே பார்க்காதீர்கள். மழுங்கியதாகத் தோன்றும் பிளேடுகூடத் தோலை அறுக்கும்.

எது சீக்கிரம் மழுக்கும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். பாலியஸ்டர் பேட்டிங், தாள், இஸ்திரி வைத்தால் ஒட்டும் பசைத்துணி, இந்த மூன்றும் முக்கியமானவை. பசைத்துணி மழுக்குவதைவிட அதன் பசை பிளேடில் ஒட்டிக்கொண்டு இழுப்பதுதான் பெரிய தொல்லை. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். உலோக ஸ்கேலை ஒட்டி வெட்டுவதை நிறுத்துங்கள். தடித்த அக்ரிலிக் ஸ்கேல்தான் இதற்கு. மேட் இல்லாமல் மரத்திலோ கண்ணாடியிலோ ஒரு தரம் ஓட்டினாலும் அந்த பிளேடை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஒரே நேரத்தில் எத்தனை அடுக்கு என்பதையும் கவனியுங்கள். 45 மி.மீ. பிளேடுக்குப் பருத்தியில் நான்கு அடுக்குக்கு மேல் நான் வைப்பதில்லை. அதற்கு மேல் வேண்டுமானால் 60 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேடு மாற்றினேன், முன்பைவிட மோசமாக வெட்டுகிறது! பெட்டியில் வந்த பிளேடே கோளாறா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் உங்கள் கட்டரைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஏழு பேர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

புது பிளேடுகள் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த எண்ணெயால் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல வரும். பார்த்தால் தெரியாது. இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டால் வெட்டு தடுமாறும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு மாலை முழுக்கப் போராடிவிட்டு, துடைக்கலாம் என்று கழற்றியபோதுதான் இரண்டு தகடுகள் தனித்தனியாக வழுக்கின. எனவே மாட்டும் முன் ஓரத்தை லேசாக நகர்த்திப் பார்த்து ஒன்றுதானா என்று உறுதி செய்யுங்கள். விளிம்பைத் தொடாமல், நடுத் துளைப் பக்கமாகப் பிடித்து.

அடுத்தது நட். பயத்தில் எல்லோரும் இதை இறுக்கிவிடுகிறோம். இறுக்கினால் பிளேடு உருளாது, துணியின்மேல் இழுபடும். உருளாத பிளேடில் ஒரே இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு நட்டைத் தளர்த்தினாலும் அந்தத் தட்டை இடம் ஒவ்வொரு 14 செ.மீ.க்கும் தலைகாட்டும். முதல் கேள்வியில் சொன்ன பல் போலத்தான், ஆனால் விட்டுப்போகும் இடம் கொஞ்சம் நீளமாக இருக்கும். நட்டை நிற்கும்வரை திருகி, பிறகு சற்றுப் பின்னால் திருப்புங்கள். மேட்டின்மேல் அழுத்தமில்லாமல் உருட்டினால் பிளேடு சுலபமாகச் சுற்ற வேண்டும், அதேசமயம் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அந்த இடம் கைக்குப் பழகிவிடும்.

நட்டுக்கு அடியில் லேசாக வளைந்த வாஷர் ஒன்று இருக்கும். அதைத் தலைகீழாகப் போட்டாலும், மறந்துவிட்டாலும் பிளேடு சரியாக உட்காராது. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஒரு வெள்ளைத் துணிமேல் அடுக்குங்கள். திருப்பி மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் குழப்பம் வராது.

கழற்றியது கழற்றியதுதான், சுத்தமும் செய்துவிடுங்கள். காப்புத் தகட்டின் பின்னால் பஞ்சு கம்பளிபோல் அழுந்திக் கிடக்கும். அது பிளேடைத் தள்ளிப் பிடித்து உருளவிடாமல் செய்யும். மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டு, பிளேடை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் மெல்லிய துணியால் துடையுங்கள். விளிம்பு ஓரமாகச் சுற்றித் துடைத்தால் துணியோடு விரலும் போகும். பிறகு பிளேடு காப்புத் தகட்டைத் தொடும் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். கழிவுத் துணியில் நான்கைந்து தரம் ஓட்டிவிட்டால் மிச்ச எண்ணெய் அதில் போய்விடும், உங்கள் நல்ல துணியில் கறை படியாது. மழுங்கிவிட்டது என்று எனக்குக் கொண்டுவந்து காட்டிய பிளேடுகளில் பல இந்த ஒரு சுத்தத்துக்குப் பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியிருக்கின்றன.

கேள்வி: கூரான பிளேடு ஆபத்து என்று வீட்டில் பழைய பிளேடையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் போன மாதம் அந்தப் பழைய பிளேடில்தான் இடது கட்டைவிரல் நுனியை வெட்டிக்கொண்டேன். இப்போது கட்டரைத் தொடவே பயமாக இருக்கிறது.

பதில்: காயம் நன்றாக ஆறட்டும் தங்கை. ஆறும்வரை கையால் தைக்கும் வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், கட்டர் எங்கும் போய்விடாது.

உங்கள் வீட்டில் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் விஷயம் நேர்மாறானது. கூரான பிளேடு அழுத்தம் கேட்காது, சொன்ன கோட்டில் போகும். மழுங்கிய பிளேடுக்கு நீங்கள் உடல் எடையையே கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு அழுத்தத்தில் ஸ்கேல் ஒரு பக்கம் நழுவும், பிளேடு ஸ்கேலின்மேல் ஏறித் தாண்டும். அங்கே இருப்பது உங்கள் இடது கை. உங்களுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான். விரல் விஷயத்தில் நான் சிக்கனம் பார்ப்பதே இல்லை. இழுக்க ஆரம்பித்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

மறுபடி தொடங்கும்போது நின்றுகொண்டு வெட்டுங்கள். உட்கார்ந்தால் கை முன்னால் நீண்டு பலமில்லாமல் போகிறது. ஸ்கேலின்மேல் விரல்களைக் கூடாரம்போல் குவித்து ஊன்றி, சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலுக்கு வெளியே, வெட்டாத பக்கம், துணியின்மேல் வையுங்கள். அது நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும், ஸ்கேல் நழுவாது. ஸ்கேல் நீளமாக இருந்தால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்ட நினைக்காதீர்கள். பாதியில் பிளேடை நிறுத்தி, தூக்காமல் அங்கேயே வைத்து, இடது கையை மேலே நகர்த்தி ஊன்றிவிட்டுத் தொடருங்கள். வெட்டுவது எப்போதும் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக. வெட்டுப்படாத கையுறை கிடைக்கிறது, ஸ்கேல் பிடிக்கும் கைக்கு ஒன்று போட்டுக்கொண்டால் மனதில் பயமும் குறையும்.

ஒரே ஒரு பழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் காப்பை மூடுங்கள். ஒரு நொடிக்குத்தானே என்றாலும் மூடுங்கள். மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் அது போய் நிற்கும் இடம் பாதம். வீட்டில் குழந்தை இருந்தால் காப்போடு பூட்டும் போட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: நான் இடது கைப்பழக்கம் உள்ளவள். எப்படி வெட்டினாலும் கோடு சாய்கிறது.

பதில்: பிளேடு உங்கள் கட்டரில் வலது கைக்காரர்களுக்கான பக்கத்தில் மாட்டியிருக்கும். பிளேடு ஸ்கேலை ஒட்டிய பக்கம் வர வேண்டும். பல கட்டர்களில் நட்டைக் கழற்றி எல்லாவற்றையும் மறுபக்கம் மாற்றி மாட்டலாம். மாற்றிவிட்டு வெட்டிப் பாருங்கள், பிளேடைச் சாய்க்காமல் நேராக நிறுத்தினால் கோடும் நேராகும்.

கேள்வி: மேட்டில் ஒரே கோட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: வெட்டிய கீறல்கள் தானே மூடிக்கொள்ளும் வகை மேட் என்றாலும், ஒரே இடத்தில் அழுத்தி வெட்டிக்கொண்டே இருந்தால் அது மூடாது. பள்ளத்தில் பஞ்சு புகுந்துவிட்டால் மூட வழியே இல்லை. அழிப்பானால் தேய்த்துப் பஞ்சை எடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, படுத்த வாக்கிலேயே உலரவிடுங்கள். வெந்நீரும் வெயிலும் ஆகாது, மேட் வளைந்துவிடும். ஆழமான பள்ளத்துக்கு வைத்தியம் இல்லை. மேட்டை அடிக்கடி திருப்பிப் போட்டு, வெட்டும் கோட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த மேட்டாவது வருடக்கணக்கில் வரும்.

கேள்வி: குவில்ட்டுக்கு ஆகாத பிளேடை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா? இல்லை என்றால் எப்படித் தூக்கிப் போடுவது? குப்பையில் போடப் பயமாக இருக்கிறது.

பதில்: தாள், அட்டை, மாதிரிப் படிவங்கள் வெட்ட அது போதும். ஆனால் இன்னொரு கட்டர் கைப்பிடி வேண்டும். நான் என் பழைய கைப்பிடியில் "தாள்" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் ஒருநாள் அவசரத்தில் அதை எடுத்து நல்ல துணியில் வைத்துவிடுவோம். இன்னொன்று, பாதி தேய்ந்த பிளேடையும் புதியதையும் ஒரே உறையில் வைக்காதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பேட்டிங் வெட்டுவதற்கென்று ஒதுக்கியதன் நடுப்பகுதியில் அழியாத மையால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன்.

தாளுக்கும் ஆகாமல் போனதை வெறுமனே குப்பையில் போடாதீர்கள். நீங்கள் பயந்தது சரி. அந்தப் பையைத் தூக்கப்போகும் கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தடித்த சுவருள்ள, மூடி திருகும் டப்பா ஒன்றை எடுங்கள். மாத்திரை டப்பா 28 மி.மீ. பிளேடுக்குச் சரியாக இருக்கும், 45-க்கு அகன்ற வாய் வேண்டும். நான் ஒரு தகர டப்பாவின் மூடியில் கோடுபோல ஒரு பிளவு போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். பிளேடு உள்ளே போகும், வெளியே வராது. ஒடிந்த தையல் ஊசிகளும் வளைந்த குண்டூசிகளும் அதற்குள்ளேயேதான் போகின்றன. நிறைந்ததும் பிளவையும் நாடாவால் அடைத்து, மேலே "கூரான உலோகம்" என்று எழுதி, பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லிவிட்டே கொடுக்கலாம். எடுக்க ஆள் இல்லையென்றால் அந்த டப்பாவை அப்படியே மூடியபடி குப்பையில் சேர்க்கலாம். என் டப்பா பதினோரு வருடமாக இருக்கிறது, இன்னும் பாதிகூட நிறையவில்லை.